விழுந்தால் தோல் மிஞ்ச வேண்டும்: ரைடிங் கியர் தேர்வும் சிராய்ப்புக் காயத்தை ஆற்றுவதும்

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் சரிந்தால், ஓட்டியவர் தார்ச்சாலையில் ஏறத்தாழ 14 மீட்டர் தேய்ந்துகொண்டே போவார். உடம்பு நிற்க 2 நொடி ஆகும். 80 கிலோமீட்டரில் விழுந்தால் 36 மீட்டர், 3 நொடிக்கு மேல். துணிக்கும் காய்ந்த தாருக்கும் உள்ள உராய்வை 0.7 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. வேகம் இரண்டு மடங்கானால் தேயும் தூரம் நான்கு மடங்காகும். சாதாரண ஜீன்ஸ் துணி இந்தத் தேய்ப்பில் ஒரு நொடி தாங்கினாலே அதிகம். மிச்ச நேரம் முழுக்கத் தேய்வது தோல்.

ரைடிங் கியர், அதாவது ஓட்டும்போது அணியும் காப்பு உடைகள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது துணியைப் பற்றித்தான்: மாட்டுத்தோல் நல்லதா, கார்டுரா என்ற கெட்டி நைலான் நல்லதா, கெவ்லார் என்ற உறுதியான நார் போட்ட ஜீன்ஸ் போதுமா? அந்தக் கேள்வியும் தேவைதான். ஆனால் விழும்போது கியர் கைவிடுவது பெரும்பாலும் வேறு காரணங்களால். ஜாக்கெட் மேலே சுருண்டு இடுப்பு வெளியே தெரிந்துவிடும். முழங்கையில் செருகிய காப்புத் தகடான ஆர்மர் சுழன்று மூட்டை விட்டு விலகிவிடும். கிளவுஸ் கழன்று பறக்கும். தையல் பிரிந்து துணி வாய் பிளக்கும். நகராமல், கழலாமல், பிரியாமல் உடம்போடு நிற்கும் நடுத்தரமான கியர், தொளதொளவென்று கிடக்கும் உயர்ந்த கியரைவிட நன்றாகக் காப்பாற்றும். கீழே வரும் சோதனைகள் பலவும் இதைப் பார்ப்பதற்குத்தான்.

விபத்தில் சிக்கிய 212 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று இந்த இரண்டு பக்கத்தையும் காட்டியது. ரைடிங் பேன்ட் போட்டிருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. கிளவுஸ் போட்டிருந்தவர்களுக்கு அதைவிடவும் குறைவு. அதே ஆய்வில் ஜாக்கெட், பேன்ட், கிளவுஸ் ஒவ்வொன்றிலும் நான்கில் ஒன்றுக்கு மேல் விபத்தில் சேதமாகித் தோற்றுப்போயிருந்தன.

முதலில் தரையில் படுவது எது

வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே படுத்துவிட்டால் அது லோசைடு. ஆள் தாழ்வான உயரத்திலிருந்து இறங்குகிறார். எலும்பைவிடத் தோலுக்குத்தான் சேதம் அதிகம். பின்சக்கரம் வழுக்கி, சட்டென்று மறுபடி பிடி கிடைத்து, வண்டி எதிர்ப்பக்கம் உதறி ஆளைத் தூக்கி எறிந்தால் அது ஹைசைடு. இதில் முதலில் மோதல், அப்புறம்தான் தேய்ப்பு. எனவே கியருக்கு இரண்டு வேலை. தேய்ப்பைத் தாங்குவது வெளித்துணியும் தையலும். அடியை வாங்கிப் பரப்புவது உள்ளே செருகிய ஆர்மர்.

தரையில் பட்டுத் தேயும் இடங்கள் உள்ளங்கை, முழங்கை, தோள், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்கால், கணுக்கால். உள்ளங்கை தவிர மற்றவை பெரும்பாலும் எலும்பின் மேல் தோல் மெல்லிசாக ஒட்டியிருக்கும் இடங்கள். அங்கே தேய்ந்து தீரச் சதை கிடையாது. கொஞ்சம் தோல் போனாலே எலும்பும் மூட்டும் வெளியே வந்துவிடும்.

கிளவுஸ்: கடைசியாக வாங்குவார்கள், முதலில் தேவைப்படும்

விழும் எவரும் கையை ஊன்றத்தான் பார்ப்பார்கள். பழக்கத்தால் மாற்ற முடியாத அனிச்சைச் செயல் அது. வெறும் கை தாரில் பட்டால் பிடித்துக்கொள்ளும். கை அங்கேயே நிற்க, உடம்பு அதன் மேல் ஏறிப் போகும். கட்டைவிரலுக்கு அடியில் மணிக்கட்டில் இருக்கும் ஸ்காஃபாய்டு என்ற சின்ன எலும்பு உடைவது இப்படித்தான். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் சேர மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் சேராமலே போகும். ஆகவே உள்ளங்கையின் அடிப்பகுதியில் கெட்டியான, வழுவழுப்பான பிளாஸ்டிக் ஸ்லைடர் வைத்த கிளவுஸாகப் பாருங்கள். கை தாரில் மாட்டாமல் வழுக்கிச் செல்வதற்காகவே அது அங்கே இருக்கிறது. விரல் மூட்டின் மேல் கெட்டியான மூடி இருப்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

கடையில் கிளவுஸை மாட்டி மணிக்கட்டுப் பட்டையை இறுக்குங்கள். மற்றக் கையால் விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். கழன்று வந்தால் சாலையிலும் கழலும், அதை வாங்காதீர்கள். மணிக்கட்டுப் பட்டையே இல்லாத, எலாஸ்டிக் மட்டும் வைத்த கிளவுஸ் இந்தச் சோதனையில் தேறுவது அரிது. கையை நீட்டி ஹேண்டில் பிடிப்பதுபோல வைத்துப் பார்க்கும்போது ஜாக்கெட் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவில் தோல் தெரியக் கூடாது. குட்டை கிளவுஸ் என்றால் ஜாக்கெட்டின் கை அதன் மேல் நன்றாக இறங்க வேண்டும். விரல் நுனியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடம் இருக்கட்டும். முட்டிக்கொண்டிருந்தால் பிரேக் பிடிக்கும்போது விரல் மரத்துப்போகும்.

ஐரோப்பியத் தர முத்திரை ஈ.என். 13594. அதில் 1 அல்லது 2 என்று நிலை போட்டிருக்கும். கே.பி. என்ற எழுத்துகள் விரல் மூட்டுக் காப்பும் சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். நிலை 2 கிளவுஸில் அந்தக் காப்பு கட்டாயம்.

கால்

வண்டி சரியும்போது கணுக்கால் எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். செருப்பும் தாழ்வான ஷூவும் முதல் மோதலிலேயே கழன்றுவிடும். கணுக்கால் எலும்புக்கு மேலே ஏறும், குதிகால் கெட்டியாக இருக்கும் பூட்ஸ் வேண்டும். இரண்டு சோதனை போதும். ஒரு கையில் குதிகாலையும் மறுகையில் முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல முறுக்குங்கள். எளிதாக முறுக்கினால் உங்கள் பாதமும் அப்படியே முறுக்கிக்கொள்ளும். அடுத்து, நடுப்பாதத்தை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்துங்கள். அடித்தட்டு மடங்கக் கூடாது. கயிறு கட்டும் பூட்ஸ் என்றால் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். கியர் லீவரில் மாட்டிய கயிறு, சிக்னலில் நிற்கும்போது காலை ஊன்ற விடாமல் வண்டியோடு சாய்த்துவிடும். ஈ.என். 13634 முத்திரைக்குக் கீழே நான்கு எண்கள் இருக்கும்: உயரம், தேய்மானம், வெட்டு, பக்கவாட்டு விறைப்பு. ஒவ்வொன்றும் 1 அல்லது 2. 2 என்பது கூடுதல் தரம்.

ஹெல்மெட்

புருவத்துக்கு மேலே இரண்டரை சென்டிமீட்டரில் தொடங்கி, பின்மண்டையின் புடைத்த பகுதியைச் சுற்றி டேப்பால் அளந்து, அந்த அளவில் தொடங்குங்கள். கன்னத்து மெத்தைகள் கன்னத்தை அழுத்தும் அளவுக்கு இருக்க வேண்டும். புதிதில் இறுக்கமாக இருந்தாலும் சில வாரத்தில் தளரும். ஆனால் நெற்றியில் ஒரே புள்ளியில் குத்துகிறது என்றால் அது தளராது. உங்கள் தலை வடிவத்துக்கு அந்த மாடல் ஒத்துவரவில்லை. கடையிலேயே 15, 20 நிமிடம் போட்டுக்கொண்டு இருந்துவிட்டு, கழற்றி நெற்றியில் சிவந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பட்டையைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்து, இன்னொருவரைப் பின்பக்க அடிவிளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டச் சொல்லுங்கள். கழன்று வந்தால் வேண்டாம். தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம், அதற்கு மேல் கூடாது. இரட்டை வளையம் வைத்த பட்டையில், நுனியை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, வெளி வளையத்தின் மேல் மடித்து உள் வளையத்துக்குள் மட்டும் திரும்ப இழுக்க வேண்டும். நுனியில் உள்ள பட்டன், பட்டை காற்றில் அடிக்காமல் இருக்க மட்டுமே. அதை மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டுபவருக்கு ஹெல்மெட் இல்லை என்றே அர்த்தம்.

முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டையே எடுங்கள். முகம் குப்புறத் தேயும்போது தாடையைக் காப்பது முன்பட்டை ஒன்றுதான். மேலே தூக்கும் வகை வாங்கினால், பட்டையில் தைத்திருக்கும் லேபிளில் பி (P) என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது தாடைப் பகுதியும் சோதிக்கப்பட்டது என்பதைக் குறிக்கும். என்.பி. (NP) என்றிருந்தால் தாடைக் காப்பு கிடையாது. ஹெல்மெட்டுக்கான ஈ.சி.இ. என்ற ஐரோப்பியத் தரத்தில் 22.06 இப்போதையது, முந்தைய 22.05-இல் இல்லாத, தலை சுழலும் விதமான மோதல் சோதனை இதில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஜாக்கெட்டும் பேன்ட்டும்

நின்றுகொண்டு போட்டுப் பார்க்காதீர்கள். வண்டியில் உட்கார்ந்து, ஹேண்டிலைப் பிடித்த நிலையில் பாருங்கள். கை நீண்டபோதும் ஜாக்கெட் கை மணிக்கட்டு வரை வர வேண்டும். முதுகு வெளியே தெரியக் கூடாது. இப்போது முழங்கை ஆர்மரை மற்றக் கையால் பிடித்துச் சுழற்றுங்கள். எலும்பின் மேலிருந்து நகர்ந்து பக்கவாட்டுக்குப் போனால், தேய்க்கும்போது முதல் அரை நொடியிலேயே போய்விடும். கையில் உள்ள இறுக்கும் பட்டைகளைப் போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் ஓர் அளவு குறைத்து எடுங்கள். குளிரில் உள்ளே போட இடம் வேண்டும் என்று பெரிய அளவு வாங்குவது நிறையப் பேர் செய்யும் தவறு.

முழங்கால் ஆர்மர், நிற்கும்போது கொஞ்சம் கீழே இறங்கியதுபோலத்தான் தெரியும். உட்கார்ந்து முழங்காலை மடக்கும்போது அது மூட்டின் மேல் சரியாக வந்து அமர்ந்து, கணைக்கால் எலும்பின் மேற்பகுதியையும் மூட வேண்டும். பல பேன்ட்டுகளில் உள்பையை மேலும் கீழும் நகர்த்த வெல்க்ரோ இருக்கும். அதை ஒரு முறை சரிசெய்தால் போதும். இடுப்பு ஆர்மர் பல பேன்ட்டுகளில் காலி உள்பையாகத்தான் வரும். வாங்கிப் போடுங்கள், லோசைடில் தேய்ப்பை அதிகம் வாங்கும் இடங்களில் அது ஒன்று.

ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் இணைக்கும் ஜிப் பின்பக்கம் இருக்கும். நிறையப் பேர் அதைத் தொடுவதே இல்லை. முதுகில் சறுக்கும்போது ஜாக்கெட் அக்குள் வரை சுருண்டு ஏறாமல் தடுப்பது அந்த ஜிப்தான். நாலு அங்குல ஜிப் பேருக்குத்தான். இடுப்பைச் சுற்றி வரும் ஜிப் நல்லது.

தையலைத் திருப்பிப் பாருங்கள். தோள், முழங்கை, இடுப்பு, முழங்காலில் இரண்டு வரிசைக்குக் குறையாத தையல் வேண்டும். ஒரு வரிசையாவது உள்ளே மடிப்புக்குள் மறைந்திருக்க வேண்டும். வெளியே தெரியும் நூல் தாரில் உடனே அறுந்துவிடும். உள்ளே இருப்பது துணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீளும் துணி, வலைத்துணி இரண்டும் அக்குள், முழங்கையின் உள்மடிப்பு, தொடையிடுக்கு போன்ற இடங்களில் இருக்கலாம். தோள் முனையிலும் முழங்கையிலும் வலைத்துணி இருந்தால், அது பார்வைக்கு நன்றாக இருக்கலாம், சாலையில் உதவாது.

துணி விஷயத்தில் சுருக்கமாக: 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாத மாட்டுத்தோல் இன்னும் தேய்ப்பில் முன்வரிசையில்தான் இருக்கிறது. நைலானும் பாலியஸ்டரும் தேய்ப்பின் சூட்டில் உருகும். 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகத் தொடங்கும். 500 டெனியருக்குக் (நூலின் தடிமன் அளவு) குறையாத நைலான் 6,6 துணி கனமாக இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. கெவ்லார் போன்ற அராமிட் நார் உருகாது, ஆனால் வெறும் முழங்கால் துண்டாகத் தைத்திருந்தால் பக்கத்துத் துணி போய்விடும். ரைடிங் ஜீன்ஸில் அராமிட் எதுவரை போகிறது என்று உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். இடுப்பின் பக்கத்திலிருந்து முழங்கால் தாண்டி வர வேண்டும். உள்ளே மெல்லிய பாலியஸ்டர் டிஷர்ட் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். வெளித்துணி பிய்ந்தால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

லேபிள் படிப்பது

உடைக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 17092. அதில் ஏ.ஏ.ஏ., ஏ.ஏ., ஏ, பி, சி என்ற வகுப்புகள். தோள், முழங்கை, முழங்கால், இடுப்பு போன்ற அதிகம் தேயும் பகுதியின் துணியைச் சுழலும் கருவியில் கான்கிரீட் மேல் விட்டுச் சோதிக்கிறார்கள்: ஏ.ஏ.ஏ. வகுப்புக்கு மணிக்கு 120 கிலோமீட்டர், ஏ.ஏ.வுக்கு 70, ஏ-வுக்கு 45 கிலோமீட்டருக்கு இணையான சுழற்சி. இந்த எண்களை உங்கள் வேகத்துக்கு அப்படியே பொருத்திக்கொள்ளக் கூடாது. ஆனால் மூன்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்பது விளங்கும். பி (B) என்றால் ஏ-வின் தேய்மானத் தாங்கல் உண்டு, ஆர்மர் இல்லை. சி என்றால் ஆர்மரைப் பிடித்து வைக்கும் உள்ளுடை மட்டும். அதற்கு மேல் தேய்ப்பைத் தாங்கும் உடை வேண்டும். நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் ஏ.ஏ.வுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஆர்மருக்கு ஈ.என். 1621. 50 ஜூல் ஆற்றலில் அடித்து, மறுபக்கம் எவ்வளவு விசை வருகிறது என்று அளக்கிறார்கள். கை, கால் மூட்டுகளில் நிலை 1 என்றால் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள், நிலை 2 என்றால் 20-க்குள். முதுகுக்கு நிலை 1 என்றால் 18, நிலை 2 என்றால் 9. ஜாக்கெட்டின் முதுகு உள்பையைத் திறந்து பாருங்கள். அங்கே முத்திரை ஏதும் இல்லாத மெல்லிய ஸ்பாஞ்ச் தகடு இருந்தால் அது இடத்தை நிரப்ப வைத்தது. அதை எடுத்துவிட்டு நிலை 2 முதுகு ஆர்மர் போடுங்கள். மென்மையாக வளையும் வகை ஆர்மர் வெயிலில் இளகிவிடும்; டி-யும் கூட்டல் குறியும் (T+) இருந்தால் 40 டிகிரியிலும் சோதிக்கப்பட்டது என்று பொருள். வெயில் ஊரில் ஓட்டுபவர் அந்தக் குறியைத் தேடி வாங்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2018 முதல் நடத்தும் மோட்டோகேப், கடையில் வாங்கிய உடைகளையே ஆய்வகத்தில் சோதித்து, காப்புக்குத் தனியாகவும் வெயிலில் அணியும் வசதிக்குத் தனியாகவும் நட்சத்திரம் போடுகிறது. நீங்கள் பார்க்கும் மாடல் அதில் இருந்தால் லேபிளைவிட அது அதிகம் சொல்லும்.

வெயிலுக்காகக் கியரைக் கழற்றுவது எல்லோருக்கும் வரும் ஆசை. வெளிர்நிறம், நெஞ்சிலும் முதுகிலும் வலை வைத்த ஜாக்கெட், உள்ளே நனைத்துப் பிழிந்த பருத்தி டிஷர்ட் என்று போட்டால் காற்றில் ஈரம் உலர உலரக் குளிர்ச்சி கிடைக்கும். அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் குடியுங்கள். வீட்டில் தொங்கும் ஏ.ஏ.ஏ. தோல் சூட்டைவிட, பக்கத்துத் தெருவுக்கும் போட்டுப் போகும் ஏ.ஏ. வலை ஜாக்கெட் ஆயிரம் மடங்கு மேல்.

விழும்போதும், எழும்போதும்

வண்டி போய்விட்டது என்று தெரிந்த கணமே விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டிருந்தால் அதன் அடியில் மாட்டுவீர்கள். கைகளை உடம்போடு சேர்த்து வையுங்கள். தேய்ந்துகொண்டிருக்கும்போது நின்றுவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் இன்னும் வேகமாகத்தான் போய்க்கொண்டிருப்பீர்கள். அப்போது எழப் பார்த்தால் கால் பிடித்துக்கொண்டு உருட்டிவிடும். நின்றுவிட்டோம் என்று தோன்றிய பிறகும் மூன்று வரை எண்ணிவிட்டு எழுங்கள். வண்டி வரும் பாதையை விட்டு உடனே ஓரத்துக்குப் போங்கள்.

கழுத்தில் வலியோ, கைகாலில் மரத்த உணர்வோ இருந்தால் அசையாதீர்கள். யாரையும் ஹெல்மெட்டைக் கழற்ற விடாதீர்கள். விழுந்தவருக்கு மூச்சு நின்றிருந்தாலோ வாந்தி வாயை அடைத்தாலோ மட்டும் கழற்றலாம். அதற்கும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பட்டையை அறுத்துவிட்டு ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்து மெல்ல உருவ வேண்டும்.

எழுந்து நடமாட முடிகிறது என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. அடி பட்ட பரபரப்பில் ஒரு மணி நேரம் வரை வலி தெரியாது. கொஞ்ச நேரம் நினைவு தப்பியிருந்தால், என்ன நடந்தது என்று ஞாபகம் இல்லாவிட்டால், வாந்தி, தூக்கக் கலக்கம், ஏறிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் உடனே மருத்துவமனை. ஹேண்டில் வயிற்றில் இடித்து வயிறு வலித்தாலும் அப்படியே. கட்டைவிரலை நிமிர்த்தும்போது மணிக்கட்டில் ஒரு சிறு குழி தெரியும். அதை அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஸ்காஃபாய்டு உடைந்திருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் எக்ஸ்ரேயில் அந்த உடைவு தெரியாமல் போவது உண்டு. 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுப்பார்கள். மோதிரம், வளையம் இருந்தால் வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.

வண்டியைத் தூக்குவதற்கு முன் எஞ்சினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலில் இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தூக்கியதும் மறுபக்கம் சாயும். கியரில் இருந்தால் வண்டி உருளாது. முதுகை இருக்கையில் வைத்துக் குந்தி, ஒரு கையில் தரைப்பக்க ஹேண்டில் பிடியையும் மறுகையில் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, காலால் தள்ளிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். தூக்கியபின் ஆக்சிலரேட்டர் திருகிவிட்டால் தானாகத் திரும்புகிறதா, பிரேக் லீவர் உடையாமல் கெட்டியாக இருக்கிறதா, பிரேக் ஆயிலோ பெட்ரோலோ கசிகிறதா, ஹேண்டில் முன்சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் சாய்வு சென்சார் அணைத்திருக்கலாம். சாவியை முழுதாக அணைத்துத் திரும்பப் போடுங்கள்.

சிராய்ப்பைக் கழுவுவது

மேல்தோல் மட்டும் சிவந்திருந்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். புள்ளி புள்ளியாக ரத்தம் கசிந்து ஈரமாக எரிந்தால் உள்தோல் வரை போயிருக்கிறது. இரண்டு மூன்று வாரம். மஞ்சள் கொழுப்போ அதற்குக் கீழே உள்ளதோ தெரிந்தால், அல்லது வெளுத்துத் தொட்டால் வலிக்காமல் இருந்தால் தோல் முழு ஆழத்துக்குப் போய்விட்டது. வலியில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், நரம்பு முனைகளும் போனதால் வரும் மரப்பு அது. இப்படிப்பட்டதும், முகத்திலோ மூட்டின் மேலோ பிறப்புறுப்பிலோ பட்டதும், விரல்களோடு சேர்த்து உங்கள் கையளவுக்கு மேல் பரவியதும், 10, 15 நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தமும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

மற்றதை வீட்டில் கழுவலாம். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துத் தொடங்குங்கள். தலையில் அடி பட்டிருந்தாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ ஆஸ்பிரின் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயத்தை ஓடும் குடிநீரில் பத்து நிமிடம் காட்டுங்கள். தண்ணீர் நம்பிக்கையில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரைத் தேக்கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள். மென்சோப்பைச் சுற்றியுள்ள தோலில் மட்டும் போடுங்கள்.

இனிதான் எல்லோரும் தவிர்க்கும் வேலை. காயத்துக்குள் ஒட்டியிருக்கும் தார்த் துகளும் மண்ணும் வெளியே வந்தாக வேண்டும். ஈரமான காஸ் துணியை உள்ளங்கையில் மடித்து, ஒரே திசையில் மெல்லத் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் மண் உள்ளே புகும். ஒரு தேய்ப்புக்கு ஒரு துண்டு, பிறகு புதியது. கருப்புப் புள்ளியாகத் தனித்து நிற்பதைக் கொதிநீரில் போட்டெடுத்த இடுக்கியால் எடுங்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் எடுக்காமல் விட்ட துகளின் மேல் தோல் மூடிவிடும். பிறகு பச்சை குத்தியதுபோல நீலக்கருப்புத் தடமாக நிரந்தரமாகத் தங்கும், எடுக்க லேசர் தேவைப்படும். வலி தாங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், மரப்பு மருந்து போட்டுத் தேய்த்துவிடுவார்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டையும் காயத்துக்குள் ஊற்றாதீர்கள். கிருமியோடு சேர்த்துப் புதிதாக முளைக்கும் தோல் செல்லையும் கொல்லும். பொடி எதையும் தூவாதீர்கள். அடுத்த நாள் அதையும் தேய்த்து எடுக்க வேண்டிவரும்.

தார்ச்சாலைக் காயம் அழுக்குக் காயம் என்ற கணக்கில் வரும். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் ஒரு பூஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள். எப்போது போட்டது என்றே தெரியாவிட்டால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், ஊசி முறை மாறும்.

கட்டும் ஆறுதலும்

காற்றாட விட்டுக் காயவைத்தால் சீக்கிரம் ஆறும் என்ற நம்பிக்கை தவறு. காய்ந்த பொருக்கு முழங்காலிலும் முழங்கையிலும் மடக்கும்போதெல்லாம் வெடிக்கும். புதிய தோலும் அதனடியில் ஊர்ந்து வரத் திணறும். ஈரமாக மூடிய காயம் வேகமாக ஆறும், தழும்பும் குறையும். மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத டிரெஸ்ஸிங் வைத்து, மேலே காஸ் சுற்றி, தினம் ஒரு முறை மாற்றுங்கள். மூட்டில் கட்டும்போது பாதி மடக்கிய நிலையில் கட்டினால் நடக்கும்போது இழுக்காது. சாதாரண காஸை நேராகக் காயத்தின் மேல் வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும். பிய்க்காமல் உப்புநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து எடுங்கள்.

மண் முழுக்கப் போய்விட்ட, தொற்று இல்லாத காயத்துக்கு ஹைட்ரோகொலாய்டு பட்டை வசதி. சுற்றிலும் 2 சென்டிமீட்டர் நல்ல தோல் மேல் படியும் அளவுக்கு வெட்டி ஒட்டி, 3 முதல் 5 நாள் விட்டுவிடலாம். உள்ளே மஞ்சளாகக் கூழ்போலத் திரண்டு லேசாக நாற்றம் வரும். அது சீழ் அல்ல, பட்டை நீரை உறிஞ்சியதுதான். விளிம்பு வரை வந்து கசிந்தால் மாற்றுங்கள்.

இரண்டு நாளுக்குப் பிறகு சிவப்பு குறையாமல் பரவினால், சூடாக வீங்கினால், கெட்டியான சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், காயத்திலிருந்து சிவப்புக் கோடு மேலேறினால் காத்திருக்க வேண்டாம். தோல் மூடிய பிறகு அரிக்கும். சொரியாமல் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும் புதிய தோல் வெயிலில் கருத்து அப்படியே நின்றுவிடும். ஓர் ஆண்டு வரை துணியால் மூடுங்கள், அல்லது எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத கிரீம் போடுங்கள்.

விழுந்த கியரை என்ன செய்வது

தலை தரையில் பட்டிருந்தால் ஹெல்மெட்டை மாற்றியாக வேண்டும், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு ஒரே முறை நசுங்கி ஆற்றலை விழுங்கும், மறுபடி எழாது. கையிலிருந்து காலியாகக் கீழே விழுந்த ஹெல்மெட் பெரும்பாலும் கெட்டுப்போகாது, ஆனால் வண்டிக் கண்ணாடியில் மாட்டித் தொங்கவிடுவது அந்த அடுக்கில் பள்ளம் போடும். விழாவிட்டாலும் ஐந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு மாற்றச் சொல்கிறார்கள். வியர்வையும் எண்ணெயும் பசையை இளக்கிவிடும்.

ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தையல் கோடு நெடுக விரலால் இழுத்துப் பாருங்கள். நூல் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ ஊசித்துளை விரிந்திருந்தாலோ தோல் தைப்பவரிடம் கொடுத்து, நைலான் நூலில் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். துணியில் உருகி மின்னும் கெட்டிப் பட்டை தெரிந்தால் அந்த இடம் இன்னொரு முறை தாங்காது. கடின பிளாஸ்டிக் ஆர்மரில் வெள்ளை வெடிப்புக் கோடு இருந்தால் மாற்றுங்கள். மென்மையான வகையை மடக்கிப் பார்த்து, கிழிசலோ அழுந்தி எழாத பள்ளமோ இருந்தால் அதையும். துவைக்கும் முன் ஆர்மரை எல்லாம் எடுத்துவிட்டு, 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில், சாஃப்ட்னர் போடாமல் அலசி, நிழலில் உலர்த்துங்கள். திரும்பச் செருகும்போது இடது வலது மாறாமல், குழிந்த பக்கம் உடம்பைப் பார்க்க வைத்து, ஒரு முறை வண்டியில் உட்கார்ந்து முழங்கை ஆர்மரைச் சுழற்றிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.